ஆகாசவாணியிலிருந்து புளூடூத் வரை: பெங்களூர்க் காருக்குள் அலைகளின் வரலாறு

பெங்களூரில் இன்று ஒருவர் காரை இயக்கியவுடன் அவருடைய கைப்பேசி காரின் ஒலிக்கருவியோடு தானாக இணைந்துகொள்கிறது. முந்தைய நாள் பாதியில் நின்ற பாடல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. வானொலி அதே திரையின் ஒரு மூலையில் சிறு குறியீடாகச் சுருங்கிவிட்டது. இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோவது வழக்கம். ஆயினும் இதன் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வினாக்கள் இணைந்தே வந்துள்ளன. அலை யாருக்கு உரியது? அது எவ்வளவு தொலைவு செல்லும்? கேட்பவரின் உரிமை விரிய விரிய, அலையின் எல்லை சுருங்கி வந்திருக்கிறது என்பதே இவ்வரலாறு காட்டும் விந்தை.

மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935 செப்டம்பரில் தம் சொந்த முயற்சியில் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்நிலையத்தோடு பிறந்து, பின்னர் நாடு முழுமைக்குமான ஒலிபரப்பின் பெயரானது. 1955 நவம்பரில் பெங்களூர் நிலையம் செயல்படத் தொடங்கியது. அதன் மத்திய அலை இன்றும் 612 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிப் பரவும். இரவில், அதை உறிஞ்சும் கீழ் அயனியடுக்கு மறைந்துவிட, மேலடுக்குகளில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் கடந்து செல்லும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழ்ந்த தமிழர்களுக்குச் சென்னையும் இலங்கையும் இரவில் அருகே வந்ததற்கு இவ்வியற்பியலே காரணம். மாநில எல்லை என்பது அலைக்குப் பொருளற்றதாக இருந்தது.

ஆனால் கேட்பதற்கு அரசின் அனுமதி தேவைப்பட்டது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமமின்றி வானொலிப் பெட்டியை வைத்திருப்பதே குற்றம். அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். காரில் பொருத்திய பெட்டியும் இதற்கு விலக்கன்று. அதோடு பொறியியல் தடைகளும் இருந்தன. காரின் உலோக உடல் அலைகளை மறைப்பதால் உணர்கொம்பை வெளியே நிறுத்த வேண்டியிருந்தது. வெற்றிடக் குழாய்களுக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தைச் சிறு மின்கலத்திலிருந்து பெற வேண்டியிருந்தது. எல்லாவற்றிலும் பெரிய பகை எஞ்சினின் தீப்பொறி. மத்திய அலை ஒலிபரப்பில் செய்தி அலையின் வீச்சில் ஏறி வருகிறது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் வெடிக்கும்போது எழும் மின்காந்தச் சிதறலும் வீச்சாகவே வந்து சேர்வதால் ஏற்பியால் இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. பெங்களூர் ஆடுகோடியில் மைக்கோ நிறுவனம் ஸ்பார்க் பிளக்குகளையும், ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒலிபரப்பிகளையும் செய்துகொண்டிருந்தன. வானொலியும் அதன் இரைச்சலும் ஒரே நகரில் உற்பத்தியாயின.

இரைச்சலுக்கு விடை பண்பலை. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற இம்முறையில் செய்தி அலையின் அதிர்வெண் மாற்றத்தில் அமைகிறது. வீச்சில் நேரும் கலக்கத்தை ஏற்பி வெட்டி எறிந்துவிடலாம். இந்தியாவில் பண்பலை முதலில் ஒலித்தது 1977இல், சென்னையில். 1980களின் நடுவில் வானொலிப் பெட்டிக்கான உரிமக் கட்டணம் ஒழிந்தது. கேட்கும் உரிமை இவ்வாறு நிலைபெற்றபின், ஒலிபரப்பும் உரிமை பற்றிய வினா எழுந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைக்கற்றைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு பெங்களூரில் கூடிய ஊடகவியலாளர்களும் தொண்டு நிறுவனத்தாரும் சமுதாய வானொலிக்கு இடம் கோரி வெளியிட்ட அறிக்கை 'பெங்களூர்ப் பிரகடனம்' என்று அறியப்படுகிறது. ஆனால் முதலில் திறந்த கதவு சந்தைக்கானது. 2001 ஜூலை 3 அன்று நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையமான ரேடியோ சிட்டி பெங்களூரில் தொடங்கியது. சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பும் உரிமை தனியார் நிலையங்களுக்கு வழங்கப்படவில்லை. தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பண்பலையின் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் அலை அயனியடுக்கில் பட்டுத் திரும்புவதில்லை. பெரும்பாலும் நேர்க்கோட்டில் சென்று அடிவானத்தோடு முடிந்துவிடுகிறது. உயர்ந்த கட்டடங்களில் பட்டுச் சிதறிய அலைகள் நேரலையோடு மோதும்போது ஓடும் காருக்குள் ஒலி வெட்டி வெட்டிக் கேட்கிறது. ஏற்பி இதைச் சமாளிக்க ஸ்டீரியோவைத் துறந்து ஒற்றை ஒலிக்கு இறங்குகிறது. ஓசூர்ச் சாலையில் தென்கிழக்கே செல்பவர், கிருஷ்ணகிரியை நெருங்கும்போது பெங்களூர் நிலையங்கள் ஒவ்வொன்றாய் மங்குவதையும் தருமபுரி வானொலி தெளிவு பெறுவதையும் உணர்வார். மத்திய அலை அறியாத மாநில எல்லையைப் பண்பலை ஏறக்குறைய வரைந்துவிட்டது. பெங்களூர்த் தமிழருக்குச் சென்னைப் பண்பலை எட்டாத ஒன்றாயிற்று.

அந்த இடைவெளியை நிரப்பியது புளூடூத். 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தது. வீடு, அலுவலகம், கார் எங்கும் எவரும் கேளாமலே பயன்படுத்தும் அலைவெளி அது. நெரிசலைத் தாங்க, புளூடூத் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. ஒருமுறை இணைத்த கைப்பேசியின் மறைகுறி காரில் சேமிக்கப்படுவதால் மறுமுறை அறிமுகம் தேவையில்லை. பாடலுக்கு ஒரு நெறிமுறையும் அழைப்புக்கு வேறொன்றும் இருப்பதால், அழைப்பு வந்தவுடன் பாடல் நிற்கிறது. இதன் வழக்கமான எல்லை பத்து மீட்டர். ஆயினும் அதன் வழியே சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ எங்கிருந்தும் தமிழ் வந்து சேர்கிறது.

இவ்விடத்தில்தான் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டியுள்ளது. உரிமம் இல்லாதது கடைசி ஒரு மீட்டர் மட்டுமே. அதற்கு முந்தைய பாதை முழுதும் ஏலத்தில் விற்கப்பட்ட அலைக்கற்றையிலும், தரவுக் கட்டணத்திலும், பாடலைத் தேர்ந்து தரும் நிறுவனத்தின் கணிப்பிலும் அடங்கியது. வானொலிப் பெட்டி தன்னைக் கேட்பவர் யார் என்று எவருக்கும் சொன்னதில்லை. கைப்பேசியின் இசைச் செயலி ஒவ்வொரு பாடலையும் பதிவு செய்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கைப்பேசிச் சேவை பரவலாக முடங்கியது. அத்தகைய நாளில் கோபுரங்களின் தொடர் தேவைப்படாத ஒரே ஒலிபரப்பி எத்தனை காருக்கும் குரல் கொடுக்க வல்லது.

மத்திய அலையும் நின்றுவிடவில்லை. அகில இந்திய வானொலி அதை டிஆர்எம் என்னும் இலக்கமுறைக்கு மாற்றி வருகிறது. பெங்களூர் ஒலிபரப்பியும் அதில் அடக்கம். மாருதி, ஹூண்டாய் கார்கள் சிலவற்றில் அதற்கான ஏற்பியும் வருகிறது. மறுபுறம், மின்கார்களின் மின்மாற்றிகள் எழுப்பும் இரைச்சல் பழைய தீப்பொறியின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதைக் காரணம் காட்டிச் சில தயாரிப்பாளர்கள் மத்திய அலையையே விட்டுவிடுகின்றனர். அமெரிக்காவில் 2023இல், ஒவ்வொரு காரிலும் அந்த ஏற்பி இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மசோதா முன்வைக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியச் சட்டம் ஏற்பியை வைத்திருக்க அனுமதி கேட்கச் சொன்னது. இன்று அது காரில் இருக்குமா இல்லையா என்பதைச் சட்டமன்றமோ நீதிமன்றமோ முடிவு செய்வதில்லை. பாஷ், ஹார்மன் போன்றவற்றின் பொறியாளர்கள் கார் ஒலிக்கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் இதே பெங்களூரிலும், வாகன நிறுவனங்களின் வடிவமைப்பு மேசைகளிலும், செலவுப் பட்டியலின் ஒரு வரியாக அது முடிவாகிறது. அலை பொதுச்சொத்து என்ற 1995இன் தீர்ப்பு இன்றும் நடைமுறையில் உள்ளது. பொதுச்சொத்தைப் பெற்றுக்கொள்ளும் கருவிக்குப் பொதுப் பாதுகாப்பு உண்டா என்ற வினாவை அது தொடவில்லை.