சங்கும் வட்டமும்: வராத இரு நாடுகளின் கொடிகள்

மாற்று வரலாறு எழுதுவோர், வராமல் போன நாட்டுக்குக் கொடி வரையும்போது பெரும்பாலும் வெற்றுத்தாளிலிருந்து தொடங்குகிறார்கள். தென்னிந்தியாவில் அப்படி வராமல் போன இரு நாடுகளுக்குக் கொடி தயாராகவே இருந்தது. 1947 ஜூன் 11 அன்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்த சுதந்திரத் திருவிதாங்கூருக்குச் செந்நிறத் துணியில் வெண்ணிற வலம்புரிச் சங்கு. பெரியார் கேட்ட திராவிட நாட்டுக்குக் கறுப்புத் துணியின் நடுவே சிவப்பு வட்டம். துல்லியமாகச் சொன்னால் பின்னது திராவிடர் கழகத்தின் கொடி. ஆயினும் அந்த நாட்டின் கோரிக்கை எங்கெல்லாம் சென்றதோ அங்கெல்லாம் அதுவே முன்னால் சென்றது.

இரண்டையும் அருகருகே விரித்தால் முதலில் கண்ணில் படுவது ஒற்றுமைதான். இரண்டிலும் ஒற்றை நிறத் தளம், நடுவில் ஒற்றைச் சின்னம். எழுத்து இல்லை, மாகாணங்களை எண்ணிக் காட்டும் நட்சத்திரங்கள் இல்லை. சிவப்பு இரண்டுக்கும் பொது. ஒன்றில் அது சின்னத்தைச் சூழ்ந்து நிற்கிறது, மற்றதில் அதுவே சின்னமாகிவிடுகிறது.

பிறந்த விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. சங்கை எவரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்த பிறகு, அரசர்கள் பத்மநாப தாசர்களாக ஆண்டார்கள். பெருமாள் கையில் இருந்த சங்கு காசில் ஏறியது. 1888இல் வெளிவந்த அஞ்சல் தலையில் ஏறியது. பின்வந்த தலைகளின் தாளுக்குள் நீர்க்குறியாகவும் புகுந்தது. வட்டமோ 1946இல் ஒரு மேசையில் பிறந்தது. ஈரோட்டில் ‘குடிஅரசு’ அலுவலகத்தில் கொடியின் மாதிரி உருவானபோது, இளைஞர் கருணாநிதி தம் விரலைக் குத்தி அந்தக் குருதியால் நடுவில் சிவப்பை இட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒரு சின்னம் கடவுளின் கையிலிருந்து இறங்கியது, மற்றது கடவுளை மறுத்த இயக்கத்து இளைஞர் ஒருவரின் விரலிலிருந்து வந்தது.

ஆகவே இரு கொடிகளும் காலத்தைப் பார்க்கும் திசையும் வேறு. நாடு ஏற்கெனவே இருக்கிறது, உரிமையாளரும் இருக்கிறார் என்கிறது சங்கு. கறுப்பு திராவிடரின் இழிநிலை, சிவப்பு அதைப் போக்கும் புரட்சி என்று கழகம் விளக்கியது. அப்படியானால், நடந்து முடியாத ஒரு செயலைக் காட்டும் கொடி அது. அதன் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. திராவிட நாடு உண்மையாகவே அமைந்திருந்தால் மறுநாள் காலையில் அந்தக் கறுப்பை என்ன செய்வது? வெற்றி பெற்றதும் பொருந்தாமல் போகும் கொடியாகவே அது வரையப்பட்டிருக்கிறது. உலகின் விடுதலைக் கொடிகளுள் இவ்வளவு நேர்மையாகத் தன் முடிவைத் தானே எழுதி வைத்துக்கொண்டவை அரியவை என்றே கருதுகிறேன்.

சங்குக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றும். உண்டு. 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வரும்வரை, அந்தக் கொடியின் கீழ் வாழ்ந்தவர்களில் பெரும்பகுதியினர் கொடிக்குரிய கடவுளின் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அந்நாட்டின் குடிகளே. சிவப்பும் அங்கே ஒருவருக்கு மட்டும் உரியதாக இல்லை. 1946 அக்டோபரில் புன்னப்பிராவிலும் வயலாரிலும் சட்டமன்றத்தால் நீக்க முடியாத திவானைக் கொண்ட, சி.பி.யின் ‘அமெரிக்கன் மாதிரி’ அரசமைப்பை எதிர்த்து எழுந்தவர்கள் பிடித்ததும் செங்கொடிதான். சங்கு பொறித்த சிவப்பின் படை, சங்கு இல்லாத சிவப்பைச் சுட்டது.

இவ்விரு கொடிகளும் சந்திக்கும் இடம் திருவனந்தபுரம் என்பதே எனக்குப் பெரும் வியப்பு. 1924இல் வைக்கம் போராட்டத்துக்காகப் பெரியார் அடைபட்டிருந்தது இந்நகரின் மத்திய சிறையில். பின்னாளில் கறுப்புக் கொடிக்குரியவரான மனிதர், சங்கு முத்திரையிட்ட அரசின் கைதியாக, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக இங்கே இருந்தார். கறுப்புக் களத்தின் பொருளைத் தேடுவோர் ஈரோட்டோடு நின்றுவிடாமல் இந்தச் சிறைவரை வர வேண்டும்.

இரண்டையும் வீழ்த்தியவை எவை? உடனடிக் காரணங்கள் வேறு வேறு. 1947 ஜூலை 25இல் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் சி.பி. வெட்டுப்பட்ட சில நாட்களில் மன்னர் இந்தியாவில் சேர இசைந்தார். திராவிட நாடு கோரிக்கையை, திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்த தி.மு.க. 1963இல், பிரிவினைக்கு எதிரான பதினாறாவது அரசமைப்புத் திருத்தத்தை ஒட்டிக் கைவிட்டது. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடிய நீரோட்டம் ஒன்றே: மொழி. திருவிதாங்கூர் மலையாளமும் தமிழும் பேசிய நாடு. திராவிட நாடு நான்கு மொழிகளுக்கான கனவு. சங்கும் வட்டமும் எழுத்தில்லாமல் இருந்தது அதற்கு ஒரு வசதி, எந்த மொழியையும் அவை தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 அந்தத் தேர்வைச் செய்தது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நான்கு மொழிகளும் தத்தம் மாநிலங்களைப் பெற்றன. மொழி தாண்டிய இரு நாடுகளுக்கும் அதன்பின் ஆதரவு தரும் நிலம் சுருங்கியது.

சின்னங்கள் சாகவில்லை. கேரள அரசு முத்திரையில் இரு யானைகளுக்கு நடுவே சங்கு இன்றும் இருக்கிறது. கறுப்பும் சிவப்பும் 1949இல் தி.மு.க. கொடியில் மேலும் கீழுமாகப் படுத்துக்கொண்டன. 1967இல் அக்கட்சி ஆட்சிக்கே வந்தது. நாட்டை இழந்த கொடிகளுள் ஒன்று அலுவலகக் கோப்பிலும் மற்றது தெருமுனைக் கம்பத்திலும் வேலை தேடிக்கொண்டன. சங்கு அரசிடமே தங்க, கறுப்புச் சிவப்பு கட்சியிடம் தங்கியது அவற்றின் பிறப்புக்கு ஏற்ற பிரிவினைதான்.

யாரேனும் இந்த இரு நாடுகளையும் 1970வரை வாழவைத்துக் கொடி வரையப் புகுந்தால், யானையும் தென்னையும் சேர்க்க வேண்டாம் என்பேன். திருவிதாங்கூருக்குச் சங்கு இருக்கட்டும், சிவப்பை மட்டும் கடல்நீலமாக்கலாம். பெருமாள் கையிலிருந்த சங்கு அப்போது மீனவரின் சங்காகவும் ஆகும். எந்த மதத்தினரும் அதன் கீழ் நிற்கலாம். திராவிட நாட்டில் சிவப்பு தளம் முழுதும் பரவிவிட, கறுப்பு கம்பத்தை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையாக நிற்கலாம். முழுவதும் நீக்கக் கூடாது. வைக்கத்துத் தெருவை மறந்த கொடியை அந்த நாட்டவர் ஏற்றிருக்க மாட்டார்கள்.