வலைக்கு வெளியே ஒரு காவல்: ஐஸ் ஹொக்கியில் வட்டை ஆண்ட கோல் காப்பாளர்கள்

ஐஸ் ஹொக்கியில் தடியால் வட்டை ஆளுவதில் தலைசிறந்த கோல் காப்பாளர் யார்? இந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு எண்களோடு முடிந்துவிடுகிறது: அவர் அடித்த கோல்கள் எத்தனை, பிறர் அடித்த கோல்களுக்கு அவர் கொடுத்த உதவிகள் எத்தனை. இந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வட்டை ஆளும் காப்பாளரின் பெறுமதி, அவர் நடக்கவிடாமல் செய்தவற்றில் இருக்கிறது. அப்படி அளந்தால் மார்ட்டின் புரோடர் முதலிடம் பெறுவார்.

ஏ-9 வீதியோரத்துக் கனகராயன்குளத்திலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. வன்னியிலிருந்து கனடா சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் இந்த விளையாட்டைக் கண்முன்னே பார்த்து வளர்கிறார்கள். இங்கு உதைபந்தாடும் பிள்ளைகளுக்கோ, பந்தைப் பிடித்த பிறகும் பிடிப்பதற்கு முன்பும் கோல் காப்பாளரின் வேலை என்ன என்பது அன்றாடக் கேள்வி. குளத்துக்கு அணைக்கட்டு மட்டும் போதாது; துருசு சரியாகத் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர் போகும். கோல் காப்பாளருக்கும் இந்த இரண்டு வேலைகளும் உண்டு.

களத்தின் அமைப்பு

வட அமெரிக்கத் தேசிய ஹொக்கி லீக்கின் பனித்தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. கோல் கோட்டுக்குப் பின்னால் பலகைச் சுவர்வரை 11 அடி இடம் உண்டு. அங்கும் ஆட்டம் தொடரும். உதைபந்தாட்டத்தில் இல்லாத இந்த நிலத்துண்டே நம் விவாதத்தின் மையம். தடுப்பு அரணை ஊடறுக்க முடியாத அணி வட்டை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தும். தடுப்பு வீரர் எதிரிக்கு முதுகு காட்டியபடி அதை எடுக்கப் போவார், பலகையோடு மோதுண்பார், வட்டையும் இழப்பார். காப்பாளர் முந்திச் சென்று அதை நிறுத்தி, தன் வீரருக்குத் தள்ளிவிட்டால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். அறுந்த சங்கிலிக்கு ஆட்டக் குறிப்பேட்டில் இடமில்லை.

மூன்று கட்டங்கள்

முதற் கட்டம் மொன்றியல் கனடியன்ஸ் அணியின் ஜாக் பிளான்ட். 1959 நவம்பர் 1இல் முகத்தில் அடிபட்ட பின் முகமூடி அணிந்து ஆடத் திரும்பியவர் என்றே பலரும் இவரை அறிவர். அதே அளவுக்குப் பெரிய மாற்றம், வலைக்குப் பின்னால் சுற்றிவரும் வட்டைத் தானே போய் நிறுத்தியது. இளமையில் பலவீனமான தடுப்பு வீரர்களோடு ஆட நேர்ந்ததால் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டார். பின்னர் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கிண்ணங்களை வென்ற வலிமையான அணியிலும் அதை அவர் கைவிடவில்லை. பற்றாக்குறையில் பிறந்த உத்தி, நிறைவிலும் பயன் தந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் கட்டம் பிலடெல்பியா பிளையர்ஸ் அணியின் ரொன் ஹெக்ஸ்டோல். அவருக்கு முன், 1979இல், பில்லி ஸ்மித் என்ற காப்பாளரின் பெயரில் ஒரு கோல் பதிவானது; ஆனால் அது எதிரணி தன் வலைக்குள் தானே செலுத்திய வட்டு. லீக்கில் எதிர்முனை வலையைக் குறிவைத்து அடித்து கோல் போட்ட முதல் காப்பாளர் ஹெக்ஸ்டோலே: 1987 டிசம்பர் 8, பொஸ்டன் புருயின்ஸுக்கு எதிராக. 1989இல் வாஷிங்டனுக்கு எதிரான பிளேஓஃப் ஆட்டத்திலும் ஒன்று அடித்தார். காப்பாளரின் கனத்த தடியாலும் வட்டை உயர்த்தி நெடுந்தூரம் அனுப்பலாம் என்பதை அவர் நிறுவினார்.

மூன்றாம் கட்டம் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் புரோடர். 691 வெற்றிகளும் எதிரணிக்கு ஒரு கோலும் விடாத 125 ஆட்டங்களும் லீக்கின் சாதனைகள். அவர் பெயரில் மூன்று கோல்களும் உண்டு. ஆனால் என் வாதம் இவற்றில் தங்கியிருக்கவில்லை. பயிற்றுநர் ஜாக் லெமேயர் வகுத்த முறையில் டெவில்ஸ் நடுக்களத்தை அடைத்தது. எதிரணிக்கு வட்டை மூலைக்கு அடிப்பதே மிஞ்சிய வழி. அந்த மூலையில் புரோடர் காத்திருந்தார். நடுவில் ஒரு பூட்டு, பின்னால் இன்னொரு பூட்டு. இரண்டாவது இல்லாமல் முதலாவது முழுமையாகாது.

சட்டம் தரும் சான்று

2004–05 பருவம் முழுவதும் ஆட்டம் இல்லாமற் போனபின், 2005–06இல் லீக் ஒரு புது விதி கொண்டுவந்தது. வலைக்குப் பின்னால் சரிவக வடிவில் கோடு வரையப்பட்டது. கோல் கோட்டுக்குப் பின்னே அந்தச் சரிவகத்துக்கு வெளியே காப்பாளர் வட்டைத் தொட்டால் அவரது அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. மூலைகள் அவருக்கு அடைபட்டன. டல்லாஸின் மார்ட்டி டர்கோ போன்றோரையும் இது கட்டுப்படுத்தியது. ஆயினும் ரசிகர்கள் இதற்குப் புரோடரின் பெயரையே சூட்டினர். ஒரு திறமையைத் தடுக்கக் கோடு வரைய வேண்டியிருந்தது என்பது, உதவிகளின் எண்ணிக்கை காட்டாத பெறுமதியைக் காட்டுகிறது.

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்களுக்கு விடை சொல்ல வேண்டும். முதலாவது: டொம் பராசோ 48 உதவிகளோடு காப்பாளர்களின் பட்டியலில் முதலிடம் வகிக்கிறார். உண்மை, ஆனால் உதவி என்பது சக வீரர் கோல் அடித்தால்தான் எண்ணப்படும். கோல் குவித்த மாரியோ லெமியூவோடு ஒரே அணியில் ஆடிய பராசோவுக்கு அந்த வாய்ப்பு அதிகம். இரண்டாவது: டர்கோ தன் கையுறையைக் கவிழ்த்துத் தடியை மேலிருந்து பற்றிய முறை நுட்பத்தில் உயர்ந்தது, பின்வந்தோர் பின்பற்றியதும் அதையே. இதை மறுக்க இயலாது. ஆனால் நுட்பம் கைக்கு உரியது. எப்போது வெளியே வருவது, எப்போது வலையிலேயே நிற்பது என்ற தீர்மானம் கண்ணுக்கும் மனத்துக்கும் உரியது. மூன்றாவதே வலுவானது: புது விதிக்குப் பின்னும் புரோடர் 2007, 2008இல் சிறந்த காப்பாளருக்கான வெசினா விருது பெற்றார், அப்படியானால் மூலைகளை இழந்ததால் அவருக்கு என்ன குறைந்தது? விருது அவர் தடுத்த அடிகளுக்கானது. குறைந்தது அவரது புகழில் அல்ல, அவருடைய தடுப்பு வீரர்களின் பாதுகாப்பில்.

உதைபந்தாட்டத்தின் எதிர்த்திசை

1990 உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்களே விழுந்தன. அதற்குப் பின், 1992இல், சக வீரர் காலால் வேண்டுமென்றே திருப்பித் தரும் பந்தைக் காப்பாளர் கையால் தொடக்கூடாது என்ற விதி வந்தது. ஹொக்கியின் புது விதியைப் போலவே இங்கும் நோக்கம் ஆட்டத்தை விறுவிறுப்பாக்குவதே. விளைவு நேரெதிர்: ஹொக்கிச் சட்டம் காப்பாளரை வலையருகே கட்டியது, உதைபந்துச் சட்டம் அவரைக் கால்களால் ஆடப் பழக்கியது. 2014 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவுக்கு எதிராகக் காப்பாளர் மனுவல் நொயர் தண்டப் பரப்புக்கு வெளியே மீண்டும் மீண்டும் ஓடிவந்து பந்தை அகற்றியது அந்தப் பழக்கத்தின் முதிர்ந்த வடிவம். 1990இல் கொலம்பியாவின் ஹிகீற்றா அதே துணிவோடு வெளியே வந்து எதிரணியின் ரொஜர் மில்லாவிடம் பந்தைப் பறிகொடுத்தார். இருவரிடமும் துணிவு இருந்தது. நொயரிடம் தீர்மானமும் சரியாக இருந்தது.

முடிவு

பிளான்ட் வழி திறந்தார். ஹெக்ஸ்டோல் அதன் எல்லையை நீட்டினார். புரோடர் அதை அணியின் ஆட்டமுறையாகவே மாற்றினார். இந்த வரிசையிலிருந்து நம் பாடசாலைப் பயிற்றுநர்கள் பெறத்தக்கது தெளிவானது. ஓட முடியாத பிள்ளையைக் கோலில் நிறுத்தும் பழக்கம் தவறு. காப்பாளரையும் பந்து கடத்தும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். பந்து வந்து சேரும் முன்பே அது போகவேண்டிய திசையைத் தீர்மானிக்க அவரைப் பழக்க வேண்டும். மேடுபள்ளமான மைதானத்தில், பந்தை அடக்கி நிற்பதைவிட முதல் தொடுகையிலேயே ஓரத்துக்கு அனுப்புவது நல்லது என்பதையும் கற்பிக்க வேண்டும். அவரைப் பாராட்டும்போது தடுத்த கோல்களோடு, எதிரணிக்குக் கோலடிக்கும் வாய்ப்பே கிட்டாமற் செய்த தருணங்களையும் எண்ணிச் சொல்லவேண்டும்.