துணை நின்ற மருந்து

காசநோய்க்கு மருந்து கண்ட வரலாற்றைப் பேசுவோர் ஸ்டிரெப்டோமைசினையே முதலில் நினைவுகூர்வர். 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதனைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் சுவீடன் நாட்டில் இன்னொரு மருந்தும் உருவாகிக்கொண்டிருந்தது. ஆற்றலில் அது ஸ்டிரெப்டோமைசினுக்கு ஈடன்று. ஆயினும் அது வந்திராவிடில், ஸ்டிரெப்டோமைசின் பெற்ற வெற்றி நிலைத்திராது. அம்மருந்தைக் கண்டவர் யோர்கன் லேமன் என்னும் அறிஞர்.

எண்ணத்தில் பிறந்த மருந்து

1898ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் பிறந்த லேமன், சுவீடனின் கோட்டன்பர்க் நகரிலுள்ள சால்கிரன்ஸ்கா மருத்துவமனையின் வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றினார். 1940ஆம் ஆண்டில் பெர்ன்ஹைம் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தால் காசநோய்க் கிருமி முன்னிலும் மிகுதியாக ஆக்சிஜனை உட்கொள்கிறது என்பதே அதன் செய்தி. கிருமிக்கு ஊக்கமூட்டும் பொருள் நோயாளிக்கு எவ்வாறு உதவும் என்று பிறர் அதனைக் கடந்து சென்றிருப்பர். லேமன் அப்படிக் கடந்து செல்லவில்லை. அப்பொருளைக் கிருமி விரும்பி ஏற்குமாயின், தோற்றத்தில் அதனை ஒத்த போலிப்பொருளையும் அது ஏற்கக்கூடும். பூட்டினுள் நுழைந்து, திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் மாற்றுச் சாவியைப்போல அப்போலிப்பொருள் கிருமியின் இயக்கத்தைத் தடுக்கக்கூடும். இதுவே அவர் கொண்ட கருத்து.

1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மால்மோ நகரின் பெரோசான் மருந்து நிறுவனத்திற்கு அவர் கடிதம் எழுதினார். பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் என்ற பொருளைச் செய்து தரவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். அவ்வாண்டின் இறுதிக்குள் ரோஸ்டால் என்னும் வேதியியலார் அதனைச் செய்து முடித்தார். சுருக்கமாகப் பி.ஏ.எஸ். எனப்பட்ட அம்மருந்து, சோதனைக் குழாயில் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தது. 1944ஆம் ஆண்டு அக்டோபரில், நுரையீரல் நோயால் மெலிந்திருந்த இளம் பெண் ஒருவருக்கு அதனை உண்ணக் கொடுத்தனர். அவர் தேறினார்.

ஆயினும் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1890ஆம் ஆண்டில் ராபர்ட் காக் பெருமையுடன் அறிவித்த டியூபர்குலின் மருந்து பொய்த்துப்போனதை அது மறந்திருக்கவில்லை. லேமனின் முடிவுகள் 1946ஆம் ஆண்டு ஜனவரியில் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

இரண்டும் கூடியபோது

இதனிடையே ஸ்டிரெப்டோமைசினின் குறையும் வெளிப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனையில், ஆறு மாதங்களில் அம்மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரே இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். 1948ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு மகிழ்ச்சி தந்தது. ஆனால் பலருடைய உடலில் கிருமி அம்மருந்தை எதிர்த்து வாழப் பழகிவிட்டது. தேறியவர்களுட் பலர் மீண்டும் நோயுற்று மாண்டனர்.

அப்போதுதான் பி.ஏ.எஸ். மருந்தின் அருமை விளங்கிற்று. இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு மிக அரிதாகவே தோன்றியது. ஒன்றை எதிர்க்கவல்ல கிருமியை மற்றொன்று அழித்தது. 1950ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவே, காசநோய்க்கு ஒரு மருந்தைத் தனியே கொடுக்கலாகாது என்னும் விதிக்கு அடிப்படையாயிற்று.

1952ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. ஷாட்சும் லேமனும் அதிற் பங்கு பெறவில்லை.

சென்னை கண்ட உண்மை

1952ஆம் ஆண்டிலேயே ஐசோனியாசிட் என்னும் மாத்திரை வந்தது. அதற்கும் பி.ஏ.எஸ். துணையாயிற்று. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையத்தில், வாலஸ் பாக்ஸ் தலைமையில், இவ்விரு மருந்துகளையும் 193 நோயாளிகளுக்கு ஓராண்டுக் காலம் கொடுத்தனர். ஒரு பகுதியினர் சானட்டோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர்கள் நெரிசல் மிக்க தம் எளிய வீடுகளிலேயே இருந்தனர். 1959ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. மலைச்சாரலும் மருத்துவமனைக் கட்டிலும் கிட்டாத ஏழைக்கும் நோய் தீரும் என்பதைச் சென்னை உலகுக்கு மெய்ப்பித்தது.

வயிற்றைப் புரட்டும் பி.ஏ.எஸ். மருந்தை நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டியிருந்தது. எனவே பின்வந்த மருந்துகள் அதனைப் பின்னுக்குத் தள்ளின. எனினும், பிற மருந்துகளுக்குப் பணியாத காசநோய்க்கு அது இன்றும் கைகொடுக்கிறது. அது கிருமியின் மூச்சை அடைப்பதில்லை, கிருமி ஃபோலிக் அமிலத்தைப் பயன்கொள்ளும் வழியையே கெடுக்கிறது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. லேமன் எண்ணிய பூட்டு வேறு. ஆனால் போலிச் சாவி என்ற கருத்துப் பொய்க்கவில்லை.

1989ஆம் ஆண்டில் லேமன் மறைந்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்தார் வள்ளுவர். மருந்துக்கே ஒரு துணை வேண்டும் என்பதை இருபதாம் நூற்றாண்டு கற்றுக்கொண்டது. அப்பாடத்தைக் கற்பித்த மருந்து லேமனுடையது.