குந்தாக் கூரைகள்: புல்லு, ஓடு, தகரம், அப்புறம் ஷிங்கிள்ஸ்

குந்தாப் பக்கம் இப்போ வீடு கட்டுறவங்க கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஷிங்கிள்ஸ் போட்டா நிக்குமா?" ரிசார்ட்காரங்க போட்டிருக்காங்க, பாக்க அழகா இருக்கு. யூடியூப்ல கனடா வீடெல்லாம் பனிக்குள்ள கம்பீரமா நிக்குது. எங்க வீட்லயும் இதே பஞ்சாயத்துதான். அப்பாவோட பி.எஃப். பணம் முக்கால்வாசி கூரை மேல ஏறப் போகுது. அவர் ஓடுங்கிறார், மச்சான் ஷிங்கிள்ஸ்ங்கிறார், அம்மா "ஒழுகாம இருந்தா எதுவானாலும் சரி"ங்கிறாங்க. பொட்டி தட்டுறவன் ஆச்சே, "நீ பாத்துச் சொல்லு"ன்னு பொறுப்பு என் தலையில. தேடப் போனா இருநூறு வருஷக் கதை மாட்டிச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க மக்களே.

மொதல்ல ஊர். படுகர்கள் நீலகிரியை நாலு சீமையாச் சொல்லுவாங்க: தொதநாடு, பொறங்காடு, மேக்குநாடு, குந்தெ. இதுல குந்தெ தென்மேற்கு மூலை. குன்னூர், கோத்தகிரிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில. எங்களுக்கு ஆனி, ஆடியில. கேரளாப் பக்கமிருந்து ஏறி வர்ற தென்மேற்குக் காத்தை நெஞ்சு நிமித்தி மொதல்ல வாங்குறது குந்தா மலைத்தொடர்தான். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல அவலாஞ்சியில பெய்ஞ்ச மழை 82 சென்டிமீட்டர். மார்கழி, தையில உறைபனி வேற. ஆனா ஸ்னோ கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

இந்த ஊருக்குன்னே யோசிச்சுக் கட்டின கூரைன்னா அது தோடர்களோடதுதான். மாட்டு வண்டிக் கூண்டைக் கழட்டித் தரையில வெச்ச மாதிரி இருக்கும். சுமார் 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம். மூங்கிலை வளைச்சு, பிரம்பால கட்டி, மேல சதுப்பு நிலத்துப் புல்லை வேய்வாங்க. சுவர் தனி, கூரை தனின்னு இல்லாம கூரையே தரை வரைக்கும் இறங்கிடும். வாசல் 3 அடிதான், தவழ்ந்துதான் போகணும். சுத்தி ஒரு தாழ்வான கல் சுவர்.

இதை இஞ்சினியரிங் கண்ணால பாத்தா அசந்து போவீங்க. கூரையைக் காத்து மேலயிருந்து அமுக்கி உடைக்கிறதில்லை, உறிஞ்சித் தூக்குது. கூரைக்கு மேல வேகமாப் போற காத்து அங்க அழுத்தத்தைக் குறைக்குது. கதவு, ஜன்னல் வழியா உள்ள போன காத்து கீழேருந்து தள்ளுது. அதிகமா அடி வாங்குறது ஓரமும் முகடும். தோடர் வீட்டுல காத்து வந்து புடிக்கிறதுக்கு நீட்டிக்கிட்டு நிக்கிற ஓரமே இல்லை. வாசல் சின்னது, அதனால உள்ள போற காத்தும் கம்மி. மூணாவது செமஸ்டர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எடுத்த சார் இதை ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தா நான் இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன் :-)

இப்போ அந்தப் புல்லு கிடைக்கிறது கஷ்டம். சதுப்பு நிலம் பாதி தேயிலையாச்சு, காய்கறித் தோட்டமாச்சு; புல்வெளியில யூகலிப்டஸும் சீகையும் வந்துடுச்சு. வீடு கட்டத் தெரிஞ்ச பெரியவங்க இருந்தாலும் வேயப் புல்லுக்கு அலையணும்.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல மலை ஏறினார், 1820கள்ல ஊட்டியில கல் பங்களா எழும்பிச்சு. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு 1829ல அடிக்கல் போட்டப்போ, உத்தரத்துக்கான மரத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்த திப்புவோட லால் பாக் அரண்மனையைப் பிரிச்சுக் கொண்டு வந்தாங்க.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. இங்கிலாந்துல கூரைக்கு ஸ்லேட் கல்லு போடுறவன் இங்க ஏன் போடலை? இமாச்சல்ல காங்ராப் பக்கம் இன்னைக்கும் ஸ்லேட் கூரை இருக்கே? பதில் நம்ம காலுக்குக் கீழயே இருக்கு. ஸ்லேட்ங்கிறது களிமண் பாறை அழுந்தி உருவானது, உளி வெச்சா ஏடு ஏடாப் பிரியும். நீலகிரி முழுக்க சார்னோகைட். கல்லுன்னா கல்லு, உடைஞ்சா பாளம் பாளமாத்தான் உடையும். சுவருக்கு அருமை, கூரைக்கு ஆகாது.

அதனால ஓடு. இந்தக் கதையும் சுவாரசியம்தான். சுவிட்சர்லாந்தோட பாஸல் மிஷன்காரங்க 1846லேயே நம்ம கேத்திக்கு வந்துட்டாங்க. அதே மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865ல மங்களூர்ல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சார். ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிற ஓடு. மங்களூர் ஓடுன்னு நாம சொல்றது இதைத்தான். 1899ல குன்னூருக்கும் 1908ல ஊட்டிக்கும் ரயில் வந்ததும் கனமான சரக்கு மலை ஏறுறது சுலபமாச்சு. குந்தாவுக்கு ரயில் வரவேயில்லை, அதுக்கப்புறமும் எல்லாம் ரோடுதான்.

ஓட்டுக்கு ஒரு பெரிய பலம் அதோட கனம். ஒண்ணு ரெண்டரையிலேருந்து மூணு கிலோ வரைக்கும். சதுர மீட்டருக்கு நாப்பது கிலோவுக்கு மேல. காத்து அவ்வளவு சுலபமாத் தூக்காது. ஒண்ணு உடைஞ்சா அதை மட்டும் மாத்திக்கலாம் (குரங்கு இருக்கிற ஊர்ல இது சின்ன விஷயமில்லை). பலவீனம், மழை படுக்கையா அடிச்சா இடுக்குல ஏறிடும். இன்னொண்ணு உறைபனி. சரியா வேகாத ஓடு தண்ணி குடிக்கும், தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும், ஓடு செதில் செதிலா உரியும்.

தகரத்துக்கு வருவோம். 1829ல லண்டன் துறைமுக இஞ்சினியர் ஹென்றி பாமர் நெளிவுத் தகடுக்கு பேட்டண்ட் வாங்கினார், 1837ல பிரான்ஸ்ல சோரெல் துத்தநாகப் பூச்சுக்கு வாங்கினார். ரெண்டும் சேர்ந்து உலகத்துல தோட்டம் போட்ட இடத்துக்கெல்லாம் போச்சு. நம்ம லயங்களுக்கும் வந்துச்சு. லேசு, சீக்கிரம் மாட்டிடலாம், ஆனா மழை பேஞ்சா பக்கத்துல பேசுறது கேக்காது. லேசா இருக்கிறதே வினையும்கூட. எங்க தெருவுல ஒரு ஆடி ராத்திரி ரெண்டு ஷீட் பறந்து தேயிலைக்குள்ள போய் விழுந்துச்சு. அன்னையிலேருந்து தெருவே கூரை மேல கல்லும் பழைய டயரும் ஏத்தி வெச்சிருக்கு.

1956ல குந்தா நீர்மின் திட்டம் ஆரம்பிச்சுது, கொழும்புத் திட்டத்துல கனடா உதவியோட. 1960ல மொதல் கரண்ட். ரோடு, கேம்ப், குவார்ட்டர்ஸ் எல்லாம் வந்தது அப்போதான். அந்தக் காலத்துல இந்தியா முழுக்க மலிவுக் கூரைன்னா ஆஸ்பெஸ்டாஸ். அந்த நார் நிறைய வந்ததும் கனடாவுலேருந்துதான். கடைசிச் சுரங்கங்கள் 2011ல நின்னுச்சு, 2018ல கனடா தன் ஊர்ல ஆஸ்பெஸ்டாஸையே தடை பண்ணிடுச்சு. இங்க ஷீட் இன்னும் விக்குது. அறுக்குறதும் துளை போடுறதும்தான் ஆபத்து, தூள் நுரையீரலுக்குப் போனா கேன்சர் வரைக்கும் கொண்டு விடும். பழைய ஷீட்டை சுத்தியலால தட்டி இறக்குறவங்க தயவுசெஞ்சு நனைச்சு, முழுசா கழட்டுங்க.

சரி, ஷிங்கிள்ஸ். ஆதியில இது மரத்துண்டு. இப்போ விக்கிற தார் ஷிங்கிள் 1903ல அமெரிக்காவுல ஹென்றி ரெனால்ட்ஸ் தார் விரிப்பை வெட்டித் துண்டு போட்டதுல ஆரம்பிச்சது. விக்கிறவர் சொல்லாத விஷயம் ஒண்ணு: ஒவ்வொரு துண்டுக்கும் அடியில ஒரு பசைப் பட்டை இருக்கு, வெயில் சூட்டுல இளகித்தான் கீழ உள்ளதோட ஒட்டும். ஆனியில மூட்டத்துக்குள்ள போட்டா ஒட்டாது, ஆடிக் காத்து ஒவ்வொண்ணா உரிச்சிடும். கனடாவுல குளிர்ல போட்டா கையால தார் பசை வெச்சு ஒட்டுவாங்க, காத்து அதிகமான இடத்துல நாலு ஆணிக்குப் பதிலா ஆறு அடிப்பாங்க. அங்க பிரச்சினை பனிக்கட்டி கூரை மேல தேங்குறது. நமக்கு அது இல்லை. நமக்குப் பிரச்சினை ஈரம், பாசி, அடியில போடுற பிளைவுட் ஊறி உப்புறது.

அப்பாகிட்ட நான் சொன்னது இதான். நல்லா வெந்த ஓடு, 30 டிகிரிக்குக் குறையாத சாய்வு, அடியில துத்தநாகத் தகடு, மேக்கு ஓரத்து ரெண்டு வரிசைக்கும் முகட்டுக்கும் கம்பி கட்டு. மச்சானுக்காக வண்டி ஷெட்டுக்கு மட்டும் ஷிங்கிள்ஸ், மாசி பங்குனி வெயில்ல, துண்டுக்கு ஆறு ஆணி. ரெண்டு ஆடி போகட்டும், எது நின்னுச்சுன்னு இங்கயே எழுதுறேன். வால்பாறை, கொடைக்கானல் மக்கள் யாராவது வீட்டுக்கு ஷிங்கிள்ஸ் போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, பிளைவுட் எந்த நிலைமையில இருக்குன்னும் சேத்து.