வேகமும் வெப்பமும்

கணிப்பொறியின் மூளை எனத்தகும் செயலி, விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறதோ அதுவே அதன் வேகம். 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் இண்டெல் நிறுவனம் 'செலரான் 300ஏ' என்னும் மலிவுவிலைச் செயலியை வெளியிட்டது. அதற்கு விதித்த வேகம் 30 கோடித் துடிப்பு. தாய்ப்பலகையின் துடிப்பை 4.5ஆல் பெருக்கியே அது இயங்கும். அப்பெருக்கெண்ணை மாற்ற இயலாது. எனினும், பலகையின் துடிப்பையே 6.67 கோடியிலிருந்து 10 கோடிக்கு உயர்த்தியோர் 45 கோடித் துடிப்பைப் பெற்றனர். விலையுயர்ந்த பென்டியம் 2இன் உச்ச வேகமும் அந்நாளில் அதுவே!

ஆனால், வேகம் மிகின் வெப்பமும் மிகும். மின்னழுத்தத்தையும் உயர்த்தினால் அதன் வர்க்கத்திற்கேற்ப ஏறும். அதைத் தணிக்க உலோகத் தகடும் விசிறியும், பின்னர்க் குழாய்வழி ஓடும் நீரும் துணையாயின. 2004இல் இண்டெல் 'தேஜாஸ்' செயலித் திட்டத்தைக் கைவிட்டு, ஒரே செயலியில் இரு கருக்களை அமைக்க முனைந்ததற்கும் வெப்பமே தலையாய காரணம். ஆர்வலரைத் தடுத்த வெப்பம், ஆக்கியோரையும் தடுத்தது.