மாருத்: எஞ்சின் கிடைக்காத விமானம்

கோவில்பட்டியில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை பெங்களூர். நம்ம பசங்க போனால் லால்பாக், கப்பன் பார்க் என்று சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். பழைய விமான நிலைய சாலையில் எச்.ஏ.எல். நிறுவனம் 2001-ல் திறந்த விமான அருங்காட்சியகத்துக்கும் கட்டாயம் போங்க. கிரண், அஜீத், மிக்-21 எல்லாம் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கின்றன. எனக்குச் சொல்லத் தோன்றுவது எச்.எஃப்-24 மாருத் பற்றித்தான். எங்க ஊர் பெயர் எப்போதும்வென்றான். இந்த விமானத்தின் கதை அதற்கு நேர் எதிர்!

வடிவமைத்தவர் கர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு ஃபோக்கே வுல்ஃப் 190 போர் விமானத்தைத் தந்தவர். 1956-ல் பெங்களூர் வந்தார். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்பதுதான் விமானப்படையின் கோரிக்கை. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் அதை முதன்முறையாகப் பறக்கவிட்டார்.

சிக்கல் எஞ்சினில். கணக்குப் போட்டது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சினுக்கு, 8,000 பவுண்டுக்கு மேல் தள்ளுவிசை. அதை உருவாக்கி முடிக்கப் பிரிட்டன் பணம் கேட்டது, இந்தியா தரவில்லை. கடைசியில் மாட்டியது 4,850 பவுண்டு தரும் ஆர்ஃபியஸ் 703. நம்ம பக்கத்துக் கணக்கில் சொன்னால், ஏழரை எச்.பி. மோட்டார் கேட்கும் கிணற்றில் ஐந்து எச்.பி. மோட்டார். தண்ணீர் வரும், ஆனால் கடைசிப் பாத்திக்குப் பாயாது. மாருத்தும் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

சும்மா இருக்கவில்லை. எகிப்தின் ஈ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்தி 1967-ல் பறக்கவிட்டார்கள். 1969-ல் எகிப்து அந்தத் திட்டத்தையே கைவிட்டது. பிறகு இருக்கிற ஆர்ஃபியஸையே பலப்படுத்திப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஒரு விமானத்தைச் சோதிக்கும்போதுதான் 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். முதலில் பறக்கவிட்டவரே! அருங்காட்சியகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது சுரஞ்சன் தாஸ் ரோடு என்று ஒரு பலகை கண்ணில் படும். அவர் பெயர்தான்.

இதனால் மாருத் உதவாத விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்கு நன்றாகவே பயன்பட்டது. ஒரு எஞ்சின் குண்டடி பட்ட பிறகும் இன்னொன்றை வைத்தே திரும்பி வந்த மாருத்கள் உண்டு. மொத்தம் 147 செய்தார்கள். 1990-க்குள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. தாழ்வாகப் பறப்பதில் அது கெட்டிக்காரன் என்பது என் கட்சி.

அடுத்த உள்நாட்டு ஜெட் போர் விமானம் தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று பறந்தது. அதற்கென்றே காவேரி என்று ஒரு எஞ்சினை 1986 முதல் இங்கே உருவாக்கிவந்தார்கள். பறந்தபோது உள்ளே இருந்தது அமெரிக்காவின் எஃப்404.