உரோமாபுரியும் வடசென்னையும்: ஒரு கல்வி வரலாறு

சென்னையின் வடகரை கடல் கடந்து வந்த சரக்குகளை இறக்கிக்கொண்ட கரை மட்டுமன்று. கடல் கடந்து வந்த கல்வியையும் முதலில் ஏற்றுக்கொண்ட கரையாகும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கே நீளும் துறைமுக, ஆலைப் பகுதிக்குத் தென்வாயிலாக அமைந்தது ஜார்ஜ் டவுன். உரோமாபுரியின் பழைய வரலாறும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் அவ்வாயிலின் வழியே நுழைந்தன. கல்லூரி, நாடக அரங்கு, பொதுக்கூட்ட மேடை என மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பயிற்றப்பட்டன. அம்மூன்றையும் ஒருசேர நோக்கினால், இன்றைய வகுப்பறைக்குத் தேவையான பாடம் ஒன்று கிடைக்கிறது.

அயல்மொழி இலக்கணத்தையும் அருமையாகப் பயின்ற மரபு இப்பகுதிக்குப் புதிதன்று. திருவொற்றியூர்க் கோயிலில் வடமொழி இலக்கணம் பயிற்றுதற்கென மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் அம்மரபு வேறு வடிவம் கொண்டது. 1850இல் திறக்கப்பெற்ற பச்சையப்பன் மண்டபம் ஏதென்ஸ் நகரத்துப் பழங்கோயில் ஒன்றை மாதிரியாகக் கொண்டு எழுப்பப்பட்டது. 1856இல் இயங்கத் தொடங்கிய இராயபுரம் இரயில் நிலையத்தின் முகப்பிலும் மேலைச் செவ்வியல் தூண்களே நின்றன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், தேர்வுக்குரிய பாடமாக ஷேக்ஸ்பியர் நிலைபெற்றார்.

அக்காலக் கல்லூரி ஆசிரியருள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் வில்லியம் மில்லர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயரும் வரை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. அக்கல்லூரியை நெடுங்காலம் முதல்வராக இருந்து வளர்த்த மில்லர், ‘லியர் மன்னன்’ நாடகத்தை இந்திய அரசியலோடு இணைத்து 1900இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய முடிவுகளை ஏற்காதாரும் அவர் கையாண்ட முறையைப் போற்றலாம். அருஞ்சொற்பொருள் கூறுவதோடு அவர் நிறுத்தவில்லை; இந்நாடகம் இந்த ஊரில் வாழும் மாணவனுக்கு என்ன சொல்கிறது என்று வினவினார்.

கல்லூரிக்கு வெளியே அவ்வினாவிற்கு விடை தந்தது நாடக அரங்கு. 1870இலேயே விசுவநாத பிள்ளை ‘வெனிஸ் வர்த்தகன்’ என்னும் பெயரில் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொணர்ந்தார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்தன்’ ஆகவும், ‘மாக்பெத்’தை ‘மகபதி’யாகவும், ‘சிம்பலின்’ நாடகத்தைச் ‘சிம்ஹளநாத’னாகவும் ஆக்கினார். எனினும் சபை நாடகங்களின் சுவைஞர் பெரும்பாலும் படித்த நடுத்தர வகுப்பினரே. மூட்டை சுமந்தவருக்கும் தறி ஓட்டியவருக்கும் உரோமாபுரி இன்னும் எட்டாத ஊராகவே இருந்தது.

அவ்வூரை அவர்களுக்கு அருகில் கொணர்ந்தது மேடை. பச்சையப்பன் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இயங்கிய காலத்தில் அங்குப் பயின்றவர் சி. என். அண்ணாதுரை, சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். உரோமப் பேரரசியரின் அரண்மனை வாழ்வை ‘ரோமாபுரி ராணிகள்’ என எழுதினார். கிரேக்க, உரோமத் தெய்வங்களைப் பற்றி ‘மாஜி கடவுள்கள்’ என எழுதினார். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கவிழாக் கூட்டம் நிகழ்ந்தது இராயபுரம் இராபின்சன் பூங்காவில்தான். மு. கருணாநிதி ‘ரோமாபுரிப் பாண்டியன்’ என்னும் புதினத்தை எழுதினார். பாண்டிய மன்னனின் தூது அகஸ்டஸ் சீசரிடம் சென்றதாக ஸ்டிராபோ குறித்த செய்தி அதற்கு அடிப்படை. 1970இல் வெளிவந்த ‘சொர்க்கம்’ திரைப்படத்தில் சிவாஜி கணேசன் சீசராகத் தோன்றினார். இவ்வாறு, கல்லூரி வாயிலை மிதியாதவரும் சீசர், புரூட்டஸ், ஆண்டனி என்னும் பெயர்களை அறிந்தனர்.

ஆயினும் மேடை காட்டிய உரோமாபுரி முழுமையானதன்று. தன் வாதத்திற்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விடுவது மேடையின் இயல்பு. விடுபட்டதைத் தேடி எடுத்து மாணவர் முன் வைப்பது வகுப்பறையின் கடமை. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம் அதற்கு மிகவும் ஏற்றது. 1599இல் இலண்டனில் அரங்கேறிய அந்நாடகத்திற்கு மூலம், தாமஸ் நார்த் 1579இல் ஆங்கிலத்தில் தந்த புளூட்டார்க்கின் வரலாறு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர் வேறுபாடுகளைத் தாமே காண்பர். கி.மு. 44 மார்ச் 15இல் சீசர் கொல்லப்பட்டது பாம்பேயின் அரங்கை ஒட்டிய மன்றத்தில். நாடகத்திலோ அது கேப்பிட்டலில் நிகழ்கிறது. மணியடிக்கும் கடிகாரம் பழைய உரோமாபுரியில் இல்லை; நாடகத்தில் அது ஒலிக்கிறது. ஆண்டனி இரங்கலுரை ஆற்றியதையும் குருதி தோய்ந்த ஆடையைக் காட்டியதையும் புளூட்டார்க் கூறுகிறார்; உலகறிந்த அந்த உரையின் சொற்களோ ஷேக்ஸ்பியர் படைத்தவை. வரலாறு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியும் பயிற்சி, உரோமாபுரியைப் பற்றியது மட்டுமன்று. உள்ளூர் மேடையில் கேட்கும் வரலாற்றுக்கும் அது பொருந்தும்.

அவ்வுரையைப் பயிற்றுதற்கு வடசென்னை மாணவரினும் தகுதியுடையார் அரியர். புரூட்டஸ் உரைநடையில் காரணம் கூறுகிறான், கூட்டம் தலையசைக்கிறது. ஆண்டனி செய்யுளில் பேசுகிறான், நிறுத்துகிறான், அழுகிறான், உயிலைக் காட்டி மறைக்கிறான், கூட்டம் கொதித்தெழுகிறது. தெருமுனைக் கூட்டங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வுத்தி புதிதன்று. அவர்கள் அறிந்ததைப் பெயரிட்டுக் காட்டுவதே ஆசிரியர் செய்ய வேண்டுவது.

மாறுபட்டு வினவும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. நாடகம் தொடங்கும்போதே, தொழில் அடையாளம் இன்றித் தெருவில் நிற்கும் தச்சனையும் செருப்புத் தைப்பவனையும் அதிகாரிகள் அதட்டுகின்றனர். ‘கொரியோலேனஸ்’ நாடகத்தில் பசித்த மக்கள் தானியம் கேட்டு எழும்போது, வயிற்றுக்கு எதிராகக் கலகம் செய்த உறுப்புகளின் கதையைக் கூறி அவர்களை அமைதிப்படுத்த முயல்கிறான் ஒரு பெருங்குடிமகன். 1918இல் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான நகரத்தின் மாணவர், அக்கதையில் வயிறு யார், கை யார் என்று கேட்பது இயல்பே. அவ்வினாவை அடக்குவது இலக்கியக் கல்வி ஆகாது.

உரோமாபுரி அயலார் வரலாறு என்னும் எண்ணமும் நீங்க வேண்டும். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை ஈர்த்துக்கொள்வதாகப் பிளினி முறையிட்டார். 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடற் பகுதியின் மதுச்சாடித் துண்டுகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. வியன்னாவில் காக்கப்படும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, முசிறி வணிகத்திற்கான கடன் உடன்பாட்டையும், ‘எர்மபொல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பையும் எழுதி வைத்துள்ளது. சரக்கு, எடை, சுங்கம் என்னும் சொற்கள் அன்றாடம் புழங்கும் துறைமுகக் குடும்பத்துப் பிள்ளை, அந்த ஆவணத்தை மற்றவரினும் எளிதில் உணர்ந்துகொள்ளும்.

இறுதியாக, கவிஞர் பெருமக்கள் கருத வேண்டிய காட்சி ஒன்று அந்நாடகத்தில் உண்டு. ஆண்டனியின் பேச்சால் வெறிகொண்ட கூட்டம் தெருவில் சின்னா என்பவனை மறிக்கிறது. தான் சதிகாரன் சின்னா அல்லன், கவிஞன் சின்னா என்று அவன் மன்றாடுகிறான். அப்படியாயின் அவனுடைய மோசமான கவிதைகளுக்காகக் கொல்வோம் என்கிறது கூட்டம். பெயர் ஒற்றுமையால் அவன் உயிரிழந்ததைப் புளூட்டார்க்கும் எழுதியிருக்கிறார்; கவிதைகளைப் பழித்த கொடிய நகை ஷேக்ஸ்பியர் சேர்த்தது. தேர்வுக்குத் தேவையில்லை என்று சுருக்கவுரைகள் தள்ளிவிடும் அச்சிறு காட்சியே நாடகத்தின் எச்சரிக்கை. பேச்சுக் கலையால் வளர்ந்த இப்பகுதி, சொல் மக்களை எழுப்புவதை அறியும். எழுந்த கூட்டம் நின்று கேளாதபோது முதலில் வீழ்பவன் யாரென்பதையும் அதன் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஆகவே, சின்னாவின் காட்சியை விடாமல் பயிற்றும் ஆசிரியரே உரோமாபுரியை முழுமையாகப் பயிற்றியவராவார்.